தி எனிமி பிலோ (1957): கடைசியில் அந்தக் கயிற்றை ஏன் வீசினார்?

பழைய_ரீல் · சனி, இரவு 11.40

தூக்கம் வராமல் மறுபடியும் 'தி எனிமி பிலோ' போட்டேன். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை எப்போதோ விட்டாயிற்று. 1957ல் வந்த படம், முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டாய் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள், முழுக் கதையும் கீழே இருக்கிறது.

பார்க்காதவர்களுக்கு: இரண்டாம் உலகப்போர், தெற்கு அட்லாண்டிக். ஹேய்ன்ஸ் என்று ஓர் அமெரிக்க டிஸ்ட்ராயர் எஸ்கார்ட், அதாவது டிஸ்ட்ராயருக்குத் தம்பி, நீர்மூழ்கிகளைத் துரத்துவதற்கென்றே கட்டின சின்னப் போர்க்கப்பல். அதன் கேப்டன் மரெல். நடித்தவர் ராபர்ட் மிச்சம், பெயருக்கேற்ற மாதிரி நடிப்பில் பாதியை முகத்துக்குள்ளேயே மிச்சம் வைத்துவிடுகிறவர். மரெல் வணிகக் கப்பலிலிருந்து கடற்படைக்கு வந்த ஆள், முந்தைய கப்பல் மூழ்கியபோது பட்ட காயம் ஆறாமல் கேபினிலேயே கிடக்கிறார், 'இவரெல்லாம் ஒரு கேப்டனா' என்று மாலுமிகள் முணுமுணுக்கிறார்கள். எதிர்ப்பக்கம் ஒரு ஜெர்மன் யூ-போட், அதாவது நீர்மூழ்கி. கேப்டன் ஃபொன் ஷ்டோல்பெர்க்காக குர்ட் யூர்கன்ஸ். முதல் உலகப்போரிலேயே நீர்மூழ்கியில் இருந்தவர், இந்தப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், ஹிட்லர் மேல் துளி மரியாதை கிடையாது. 'தலைவர் ஆணையிடட்டும், நாங்கள் பின்செல்வோம்' என்று சுவரில் எழுதி வைத்திருப்பதன் மேல் துணியைத் தொங்கவிட்டு மறைக்கிற இடம் ஒன்று போதும், வசனமே வேண்டாம்.

வணிகக் கப்பல்களை வேட்டையாடுகிற ஒரு ஜெர்மன் ரெய்டர் கப்பலைச் சந்திக்கப் போகிற வழியில் அந்த நீர்மூழ்கி ஹேய்ன்ஸின் ராடாரில் புள்ளியாக விழுகிறது. அப்புறம் படம் முடிகிற வரை மேலே ஒருவர், கீழே ஒருவர். இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்வதே கடைசியில்தான்.

என் கேள்வி அந்தக் கடைசியைப் பற்றித்தான். இரண்டு கப்பலும் ஒன்றோடு ஒன்று மோதிச் சிக்கிக் கிடக்கின்றன, நீர்மூழ்கியில் வெடி வைத்தாயிற்று, எந்த நேரமும் வெடிக்கும். மேல்கோபுரத்தில் சாகக் கிடக்கும் நண்பனை விட்டுவிட்டு வர மனமில்லாமல் ஷ்டோல்பெர்க் நிற்கிறார். இரண்டு பேரும் சல்யூட் அடித்துக்கொள்கிறார்கள், மரெல் ஒரு கயிற்றை எடுத்து வீசுகிறார். கல்யாணமான புதிதில் மனைவியை ஜெர்மன் டார்பிடோவுக்கு, அதாவது நீருக்கடியில் பாய்ந்து வரும் குண்டுக்கு, பறிகொடுத்த மனுஷன் அவர். நம்புகிற மாதிரி இருக்கிறதா?

நைட்ஷோ · சனி, இரவு 11.58

இல்லை. ஒரே வரியில் பதில்.

கொஞ்சம் நீட்டிச் சொன்னால், மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது 1955ல், இந்தப் படம் வந்தது 1957ல். பத்து வருஷத்துக்கு முன்னால் எதிரி, இப்போது கூட்டாளி, எனவே திரையில் 'நல்ல ஜெர்மானியர்' ஒருவர் தேவைப்பட்டார். ஹிட்லரைப் பிடிக்காத, பிள்ளையை இழந்த, பழைய காலத்துக் கனவான். கண்ணாடியில் பார்த்த மாதிரி அமெரிக்கக் கேப்டனும் அப்படியே. இரண்டு கண்ணியவான்கள், நடுவில் ஒரு கடல், கடைசியில் ஒரு சிகரெட். வில்லன் எங்கே என்று தேடினால் யாருமே இல்லை. போர் என்னவோ தானாகப் பெய்கிற மழை மாதிரி.

முதல் முக்கால்வாசி அருமையான படம், மறுக்கவில்லை. கயிறு மட்டும் சர்க்கரைப் பாகு.

சரித்திரப்பூனை · ஞாயிறு, காலை 6.15

நைட்ஷோவுக்குச் சாதகமாக ஒரு சாட்சி கொடுக்கிறேன். மூலம் ஒரு நாவல், எழுதியவர் டெனிஸ் ரேய்னர், பிரிட்டிஷ் கடற்படையில் அட்லாண்டிக்கில் எஸ்கார்ட் கப்பல்களை நிஜமாகவே நடத்தியவர். (போருக்கு அப்புறம் சின்னப் பாய்மரப் படகுகளை வடிவமைத்துப் பெயர் வாங்கினார், அது வேறு கதை.) நாவலில் கப்பல் பிரிட்டிஷ் கப்பல். முடிவில் எல்லோரும் உயிர்காப்புப் படகில் இருக்கும்போது ஜெர்மன் கேப்டன் 'நீங்கள் எல்லாம் என் கைதிகள்' என்கிறார், பிரிட்டிஷ் கேப்டன் கையை ஓங்கிவிடுகிறார். சல்யூட்டும் கிடையாது, சிகரெட்டும் கிடையாது.

அட்லாண்டிக்கில் ரத்தமும் எண்ணெயும் பார்த்த மனுஷன் எழுதியது கைகலப்பு. அதைக் கயிறாக மாற்றியது ஹாலிவுட். திரைக்கதை வெண்டல் மேயஸ், இயக்கம் டிக் பவல். பவல் 1930களில் பாட்டுப் பாடி ஆடிக்கொண்டிருந்த கதாநாயகன். இதற்கு முந்தைய வருஷம்தான் ஜான் வேய்னைச் செங்கிஸ்கானாக வேஷம் கட்டவைத்து ஒரு படம் எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையிலிருந்து இவ்வளவு கச்சிதமான படம் எப்படி வந்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

கல்கண்டு · ஞாயிறு, காலை 9.02

ட்ரெய்லர் பார்த்தேன். ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்று சோனாரில், அதான் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கிற கருவியில், 'பிங்... பிங்...' என்று கேட்கிறது. நேரே மேலே போய்க் குண்டைப் போட வேண்டியதுதானே? இதற்கு எதற்கு ஒன்றரை மணி நேரம்?

கீழ்த்தளம் · ஞாயிறு, காலை 10.30

தம்பி, சிரிக்க மாட்டேன், நல்ல கேள்விதான். 31 வருஷம் வணிகக் கப்பல் எஞ்சின் ரூமில் இருந்தவன் நான், போர்க்கப்பல் அனுபவம் இல்லை, ஆனால் கணக்கு வரும்.

அந்தக் குண்டுக்கு டெப்த் சார்ஜ் என்று பெயர், பார்க்க எண்ணெய் டிரம் மாதிரி இருக்கும், கப்பலின் பின்பக்கத்திலிருந்து உருட்டிவிடுவார்கள். எத்தனை அடி ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே திருகி வைக்க வேண்டும், அந்த ஆழத்து நீரழுத்தம் வந்ததும் வெடிக்கும். அமெரிக்கர்களிடம் இருந்த மார்க் 6 வகையில் 300 பவுண்டு வெடிமருந்து. ஆனால் அது தண்ணீரில் இறங்குகிற வேகம் விநாடிக்கு எட்டு அடிதான். நீர்மூழ்கி 400 அடியில் இருந்தால் குண்டு அங்கே போய்ச் சேர 50 விநாடி. கீழே இருப்பவன் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா? மெதுவாக நாலு நாட் (மணிக்கு ஏழு கிலோமீட்டர் போல) வேகத்தில் போனாலே அந்த 50 விநாடியில் நூறு மீட்டர் தள்ளிப் போய்விடுவான். குண்டு ஆளைக் கொல்ல வேண்டுமென்றால் பத்து மீட்டருக்குள் வெடிக்க வேண்டும்.

இதோடு இன்னொரு சிக்கல். சோனார் அலை முன்னோக்கிச் சாய்வாகப் போகிறது. கப்பல் கிட்டே நெருங்க நெருங்க, கடைசி இருநூறு கெஜத்தில் நீர்மூழ்கி அந்த அலைக்கு அடியில் போய்விடும், சத்தம் திரும்பி வராது. ஆக, எதிரியின் தலைக்கு மேலே போகிற நேரத்தில்தான் நீ முழுக் குருடன். அதையும் சேர்த்தால் ஒரு நிமிஷத்துக்கும் மேலே கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுகிற ஆட்டம். அந்த ஒரு நிமிஷத்தில் கீழே இருக்கிற ஆள் இடதா, வலதா, ஆழமா, வேகமா, எப்படித் திரும்புவான் என்று அவன் மனசைப் படித்தால்தான் குண்டு படும். படம் முழுக்க அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றியதுதான்.

குண்டை முன்பக்கம் எறிகிற ஹெட்ஜ்ஹாக் என்ற ஆயுதம் பின்னால் வந்ததே இந்தக் குருட்டு நேரத்தை ஒழிக்கத்தான். 24 சின்னக் குண்டுகள், தொட்டால்தான் வெடிக்கும்.

கல்கண்டு · ஞாயிறு, காலை 10.41

அண்ணே, இதை ஸ்கூலில் சொல்லிக் கொடுத்திருந்தால் இயற்பியலில் பாஸ் ஆகியிருப்பேன். இன்றைக்கு ராத்திரி பார்க்கிறேன்.

பழைய_ரீல் · ஞாயிறு, காலை 11.20

கீழ்த்தளம் ஐயா சொன்னதை வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள், ஒவ்வொரு காட்சியும் வேறு மாதிரி தெரியும்.

முதலில் மரெல் செய்கிற காரியம். நீர்மூழ்கி டார்பிடோ விட வேண்டுமென்றால் கப்பலின் வேகம், திசை இரண்டும் தெரிந்தாக வேண்டும். மரெல் வேண்டுமென்றே நேர்கோட்டில், மாறாத வேகத்தில் போகிறார். வா, கணக்குப் போட்டுக்கொள் என்று மடியில் வைத்துக் கொடுக்கிற மாதிரி. கையில் கடிகாரம். அவன் இடத்தில் தான் இருந்தால் எப்போது சுடுவேன் என்று யோசித்து, அந்தக் கணத்தில் கப்பலைத் திருப்புகிறார். டார்பிடோக்கள் பக்கத்தில் ஓடிப் போகின்றன. அதுவரை முணுமுணுத்த மாலுமிகள் அவரைப் பார்க்கிற பார்வை மாறுவது அங்கேதான். கீழே ஷ்டோல்பெர்க்குக்கும் அப்போதுதான் தெரிகிறது, மேலே இருக்கிறவன் கத்துக்குட்டி இல்லை என்று.

இதில் எனக்கு எப்போதும் உறைக்கிற இடம் ஒன்று. நீர்மூழ்கி கடல் தரையில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டதும், மரெல் மணிக்கு ஒரு தடவை வந்து குண்டு போடுகிறார். பட வேண்டும் என்றுகூட இல்லை, கீழே இருப்பவர்களைத் தூங்கவிடக் கூடாது, நரம்பு அறுபட வேண்டும். அதில் ஒரு ஜெர்மன் சிப்பாய்க்குப் புத்தி பேதலித்துப் போகிறது. ஷ்டோல்பெர்க் அவனை அடக்கிவிட்டு இசைத்தட்டைப் போட்டு எல்லோரையும் பாடவைக்கிறார். மூச்சு விட்டாலே மேலே கேட்கும் என்று இருந்த இடத்தில், கேட்டால் கேட்டுத் தொலையட்டும் என்று ஒரு பாட்டு. மேலே அமெரிக்கர்கள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்புறம் நடக்கிறது பாருங்கள், மரெல் போட்ட தூண்டிலில் மரெலே மாட்டுகிறார். மணிக்கு ஒரு தடவை, ஒரே மாதிரித் திருப்பம். அந்த ஒழுங்கை ஷ்டோல்பெர்க் மனப்பாடம் செய்துவிடுகிறார். இனி இப்படித்தான் வருவான் என்று கணக்குப் போட்டு அந்த வழியில் டார்பிடோக்களை விசிறி மாதிரி விடுகிறார். ஹேய்ன்ஸ் அடிபடுகிறது. கதாநாயகன் தோற்பது வில்லனின் சூழ்ச்சியால் இல்லை, தன் சொந்தப் பழக்கத்தால். 1957ல் ஹாலிவுட் இதை எடுத்திருக்கிறது!

கடைசித் தந்திரம் மறுபடி மரெலுடையது: கப்பல் மேல்தளத்தில் வேண்டுமென்றே தீ மூட்டி, இருப்பதைவிட மோசமாகக் காட்டி, பெரும்பாலானவர்களைப் படகில் இறக்கிவிட்டு, ஒரே ஒரு பீரங்கிக்கும் எஞ்சினுக்கும் மட்டும் ஆள் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நீர்மூழ்கி மேலே வருகிறது. சுட்டுவிட்டு, மிச்சமிருக்கிற வேகத்தில் நேரே போய் அதன் மேல் ஏற்றுகிறார்.

சரித்திரப்பூனை · ஞாயிறு, மதியம் 1.05

குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது, எனவே இரண்டு. தெற்கு அட்லாண்டிக் நடுவில் கடல் தரை என்பது மூவாயிரம் நாலாயிரம் மீட்டருக்குக் கீழே இருக்கும் சமாச்சாரம். அந்தக் காலத்து நீர்மூழ்கி போய் உட்காருகிற மாதிரித் தரை கிடைக்க வேண்டுமென்றால் கடலடி மலை ஏதாவது சரியாக அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும், ஷ்டோல்பெர்க்குக்கு நல்ல ஜாதகம். இன்னொன்று, உள்ளே இருக்கும் இடம். நிஜமான ஏழாம் வகை யூ-போட்டின் உள்கூட்டு விட்டமே அகலமான இடத்தில் ஐந்து மீட்டருக்கும் குறைவு, அதில் எஞ்சின், பேட்டரி, டார்பிடோ எல்லாம் போக நாற்பது ஐம்பது பேர், கழிப்பறை இரண்டு, அதிலும் ஒன்றில் புறப்படும்போது சாப்பாட்டு மூட்டை அடைத்திருப்பார்கள். இந்தப் படத்தில் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. சினிமாஸ்கோப் திரையை நிரப்ப வேண்டுமே! நாற்றமும் தாடியுமாக அதைக் காட்ட 1981ல் 'தாஸ் போட்' என்ற ஜெர்மன் படம் வர வேண்டியிருந்தது.

ஆனால் மேலே இருக்கிற கப்பல் அசல். யுஎஸ்எஸ் வைட்ஹர்ஸ்ட் என்ற நிஜமான டிஸ்ட்ராயர் எஸ்கார்ட்தான் ஹேய்ன்ஸாக நடித்தது, ஹவாய் பக்கம் எடுத்தார்கள், அதன் மாலுமிகளே பலர் படத்தில் வருகிறார்கள். பசிபிக்கில் ஜப்பானிய நீர்மூழ்கியை மூழ்கடித்த கப்பல் அது, 1945 ஏப்ரலில் ஒகினாவா பக்கம் கமிகாசி என்ற ஜப்பானியத் தற்கொலை விமானம் வந்து மோதியும் பிழைத்தது. கடைசியில் 1971ல் பயிற்சிக்காக அமெரிக்கர்களே குறிவைத்து மூழ்கடித்தார்கள். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான அந்த வருஷ ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான்.

கப்பலை நீர்மூழ்கி மேல் ஏற்றுவதெல்லாம் சினிமா என்று நினைப்பவர்களுக்கு: 1943 நவம்பர் 1, வடக்கு அட்லாண்டிக், யுஎஸ்எஸ் போரி என்ற பழைய டிஸ்ட்ராயர் யூ-405ன் மேல் ஏறி இரண்டும் பத்து நிமிஷம் போலப் பின்னிக்கொண்டு கிடந்தன. பெரிய பீரங்கியைக் கீழ்நோக்கித் திருப்ப முடியாத நெருக்கம். துப்பாக்கி, கத்தி, காலித் தோட்டா உறை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் எறிந்து சண்டை. யூ-405ல் இருந்த 49 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. போரியும் உடைந்து கைவிடப்பட்டு அடுத்த நாள் மூழ்கடிக்கப்பட்டது, அதை விட்டு இறங்கும்போது குளிர் தண்ணீரில் 27 பேர் போனார்கள். 1944 மே 6ல் யுஎஸ்எஸ் பக்லி யூ-66 மேல் ஏறியபோது ஜெர்மானியர்கள் சிலர் கப்பலுக்குள்ளேயே தொற்றி ஏறிவிட்டார்கள், அமெரிக்க மாலுமிகள் காபிக் கோப்பையை எடுத்து அடித்தார்கள். பக்லியும் வைட்ஹர்ஸ்ட்டும் ஒரே வகைக் கப்பல்கள் என்பது கூடுதல் ருசி.

பக்லி அந்தச் சண்டை முடிந்ததும் தண்ணீரில் கிடந்தவர்களில் 36 பேரைத் தூக்கிக் கைதியாக்கியது. கயிறு நிஜத்திலும் வீசப்பட்டிருக்கிறது நைட்ஷோ.

நைட்ஷோ · ஞாயிறு, மதியம் 2.30

அமெரிக்கக் கப்பல் ஜெர்மானியரைத் தூக்கியது சரி. ஷ்டோல்பெர்க்குகள் என்ன செய்தார்கள்? 1942 செப்டம்பரில் லக்கோனியா கப்பலை மூழ்கடித்த யூ-156, ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போதே அமெரிக்க விமானம் வந்து குண்டு போட்டது. அதைக் காரணம் காட்டி ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் போட்ட ஆணை: இனி யாரையும் தூக்காதே. 1944 மார்ச்சில் யூ-852 பெலியஸ் என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்துவிட்டுத் தண்ணீரில் மிதந்தவர்களைச் சுட்டது, அந்தக் கேப்டன் எக்கைப் போருக்குப் பின் விசாரித்துச் சுட்டுக் கொன்றார்கள். அட்லாண்டிக்கில் நிஜத்தில் நடந்தது இது. துணியைத் தொங்கவிட்டு வாசகத்தை மறைக்கிற கேப்டன் திரையில்தான் சுலபம்.

சரித்திரப்பூனை · ஞாயிறு, மதியம் 2.52

ஒத்துக்கொள்கிறேன், அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 1943 ஜனவரியில் அமெரிக்க நீர்மூழ்கி வாஹூ, புயோ மாரு என்ற ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்துத் தண்ணீரில் கிடந்தவர்கள் மேலும் படகுகள் மேலும் சுட்டது. அந்தக் கப்பலில் ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த இந்தியப் போர்க்கைதிகள் இருந்தார்கள், அவர்களிலும் நிறையப் பேர் செத்தார்கள். எக்கைத் தண்டித்தார்கள், வாஹூவின் கேப்டன் நாயகனாகக் கொண்டாடப்பட்டார். யார் பக்கம் கண்ணியம் என்று தராசு பிடிக்க ஆரம்பித்தால் முள் நிற்காது.

மெரினா_காற்று · ஞாயிறு, மாலை 4.10

கேப்டன்களின் கண்ணியம் என்று பேச்சு வந்த பிறகு எம்டனை யாரும் இழுக்கவில்லையே! நம்ம ஊரில் ஆளைப் பார்த்து 'சரியான எம்டன்' என்கிறோமே, அந்த எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். உயர் நீதிமன்ற மதிலில் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. அதன் கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளை ஒழுங்காக நடத்தி அனுப்பியதற்காக எதிரிகளே புகழ்ந்தார்கள். பினாங்கில் மூஸ்க்கே என்ற பிரெஞ்சுக் கப்பலை மூழ்கடித்துவிட்டு, எதிரி துரத்தி வரலாம் என்ற நிலையிலும் நின்று பிழைத்தவர்களைத் தூக்கினார்.

நவம்பர் 9, கோகோஸ் தீவுகள். ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, கேப்டன் கிளாசப். அடிபட்ட எம்டனைப் பவளப்பாறை மேல் ஏற்றி நிறுத்திவிட்டார் முல்லர். கொடி இன்னும் இறங்கவில்லை என்பதால் கிளாசப் தரைதட்டி நின்ற கப்பல் மேலேயே மறுபடி சுட்டார். அப்புறம் சரணடைந்ததும் முல்லரின் வாளை அவரிடமே விட்டுவைத்தார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். இதில் எது நிஜமான கிளாசப் என்று கேட்டால் என்ன சொல்வது?

அரைடிக்கெட் · ஞாயிறு, மாலை 4.25

செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று எங்கள் தாத்தா

மட்டுறுத்துநர் · ஞாயிறு, மாலை 4.27

அந்தப் பேச்சுக்கு ஏற்கெனவே 40 பக்க இழை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. இங்கே வேண்டாம். படத்துக்கு வாருங்கள்.

பழைய_ரீல் · ஞாயிறு, மாலை 5.00

இதே வகையில் ஒரு வருஷம் முன்னால் 1956ல் வந்த 'தி பேட்டில் ஆஃப் தி ரிவர் பிளேட்' பற்றியும் ஒரு வார்த்தை. கிராஃப் ஷ்பே என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் கேப்டன் லாங்ஸ்டோர்ஃப் ஒன்பது வணிகக் கப்பல்களை மூழ்கடித்தவர், அவற்றில் ஒரு மாலுமி உயிர்கூடப் போகவில்லை. 1939 டிசம்பரில் மூன்று பிரிட்டிஷ் தரப்புக் கப்பல்களோடு மோதி, மான்டிவிடியோவில் தன் கப்பலைத் தானே மூழ்கடித்து, சில நாளில் தன்னையே சுட்டுக்கொண்டார். அந்த மூன்றில் ஒன்றான அகிலீஸ் படத்தில் தன் வேடத்தில் தானே நடித்தது. அப்போது அதன் பெயர் ஐஎன்எஸ் டெல்லி! 1948ல் இந்தியா வாங்கியிருந்தது. ஹாலிவுட் நடிகர் யாருக்கும் கிடைக்காத பாத்திரப் பொருத்தம்.

நைட்ஷோவின் 'நல்ல ஜெர்மானியர்' வாதத்துக்கும் வருகிறேன். நடித்தவர்களைப் பாருங்கள். யூர்கன்ஸை 1944ல் நாஜிகளே அரசியல் ரீதியாக நம்பத்தகாதவர் என்று முகாமுக்கு அனுப்பினார்கள். அவருடைய உதவிக் கேப்டன், சாகிற நண்பன் ஹைனியாக வருபவர் தியோடோர் பிகேல். வியன்னாவில் பிறந்த யூதர், 1938ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் குடும்பத்தோடு தப்பி ஓடியவர். அவர் யூ-போட் சீருடை மாட்டிக்கொண்டு, கட்சிப் புத்தகத்தைப் படிக்கிற இளம் அதிகாரியைப் பார்த்துக் கேப்டனோடு ஒரு பார்வை பரிமாறிக்கொள்கிறார். வெள்ளையடிக்கிற வேலை மட்டும்தான் என்றால் இவர்கள் இதில் வந்து நின்றிருப்பார்களா?

நைட்ஷோ · ஞாயிறு, மாலை 5.22

நடிகருக்குச் சம்பளம் கொடுத்தால் நிற்பார். (பிகேல் விஷயம் தெரியாது, இனி அந்தப் பார்வை வேறு மாதிரிதான் தெரியும், ஒத்துக்கொள்கிறேன்.) ஆனால் கேள்வி மரெலைப் பற்றியது. அவர் ஏன் வீசினார்? அதற்குப் படத்தில் பதில் இருக்கிறதா, இல்லை நாம் ஒட்டவைக்கிறோமா?

கீழ்த்தளம் · ஞாயிறு, இரவு 8.45

சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவன் இப்போதுதான் உட்காருகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மரெலைக் கடற்படைக் கேப்டனாகப் பார்க்கிறீர்கள். பழைய_ரீல் முதல் பதிவிலேயே சொன்னார், அவர் வணிகக் கப்பல் ஆள். படத்தில் மாலுமிகள் அதைத்தான் கேலி செய்கிறார்கள். நாவலை மாற்றியபோது சினிமாக்காரர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, கயிற்றுக்கான காரணம் அங்கே இருக்கிறது.

1910ல் பிரஸ்ஸல்ஸில் கடல் மீட்பு பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் ஒரு பிரிவு: கடலில் உயிருக்கு ஆபத்தில் இருக்கிற எவரையும், அவர் எதிரியாக இருந்தாலும், தன் கப்பலுக்குப் பெரிய ஆபத்து இல்லாத வரை காப்பாற்ற வேண்டியது கேப்டனின் கடமை. 'எதிரியாக இருந்தாலும்' என்பது நான் சேர்த்தது இல்லை, அதிலேயே எழுதியிருக்கிறது. அதே ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவு, இது போர்க்கப்பல்களுக்குப் பொருந்தாது என்கிறது. ஆக, சீருடை போட்ட மரெலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அவர் அதற்கு முன்னால் வேலை கற்றது வணிகக் கப்பலில். அங்கே கேடட்டாகச் சேர்ந்த நாளிலிருந்து மண்டையில் ஏற்றுவது இதைத்தான்.

எனக்கு நடந்த ஒன்று. அரபிக்கடலில் ஒரு விடியற்காலை, கவிழ்ந்த மரக்கலம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு பேர். நான் கீழே எஞ்சின் ரூமில், எனக்கு எதுவும் தெரியாது. எஞ்சின் ரூமில் இருப்பவனுக்குக் கடலே தெரியாது, மேலேயிருந்து உத்தரவு சொல்கிற டெலிகிராஃப் மணி அடிக்கும், 'மெதுவாக', 'நிறுத்து', அவ்வளவுதான். அதனால்தான் இந்தப் படத்தில் நீர்மூழ்கிக் காட்சிகள் எனக்கு வயிற்றைப் பிசையும், உலோகச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாமல் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது பழக்கமான விஷயம்.

மேலே வந்து பார்த்தபோது எங்கள் போசன், அதாவது மேல்தள மாலுமிகளுக்குத் தலைவர், ஹீவிங் லைன் வீசிக்கொண்டிருந்தார். நுனியில் கனமான முடிச்சுப் போட்ட மெல்லிய கயிறு. துறைமுகத்தில் கப்பல் கட்டும்போது தினமும் வீசுகிறதுதான். அந்த ஆறு பேர் எந்த ஊர், கள்ளக் கடத்தலா மீன்பிடியா, ஆயுதம் வைத்திருக்கிறார்களா, அந்தக் காலத்துக் கொள்ளைக்காரப் பயத்தில் இதெல்லாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விதான். அன்றைக்குச் சாயங்காலம் டீ குடிக்கும்போது போசனிடம் கேட்டேன், யோசித்தீர்களா என்று. 'என்னத்தை யோசிக்க, ஆள் தண்ணீரில் கிடந்தான், கயிறு கையில் இருந்தது' என்றார். அவர் ஒன்றும் மகாத்மா இல்லை. சீட்டாட்டத்தில் என்னிடம் வாங்கிய கடனைக் கடைசி வரை தரவில்லை.

மிச்சம் அந்தக் காட்சியில் முகத்தில் எதையும் காட்டுவதில்லை, கவனித்தீர்களா? மன்னித்துவிட்டேன் என்ற பாவனை இல்லை, கண் கலங்குவது இல்லை. எதிரே ஆள் நிற்கிறான், கயிற்றை எடுக்கிறார். மணிக்கு ஒரு தடவை குண்டு போட்ட பழக்கம் அவரைக் காட்டிக்கொடுத்தது என்று பழைய_ரீல் எழுதினாரே, கயிறும் அதே மாதிரி ஒரு பழக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது.

நைட்ஷோ · ஞாயிறு, இரவு 9.10

ஐயா, இது வேறு படம் மாதிரி இருக்கிறது. அந்த சல்யூட்டை இன்னும் ஏற்க மாட்டேன், சிகரெட் வசனத்தையும் ஏற்க மாட்டேன், அவை எழுதப்பட்டவை. கயிற்றை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

பழைய_ரீல் · ஞாயிறு, இரவு 9.18

சிகரெட் வசனத்தில் ஷ்டோல்பெர்க் தான் பிழைத்ததற்கு 'இந்தத் தடவை உங்கள் தப்பு' என்று குறைப்படுவதும், அடுத்த தடவை கயிறு வீச மாட்டேன் என்று மரெல் சொல்வதும், வீசுவீர்கள் என்று அவர் பதில் சொல்வதும், ஐயா சொன்னதோடு சேர்த்தால் இப்போது வேறு மாதிரி கேட்கிறது. பழக்கத்தைக் கணக்குப் போட்டுத்தானே டார்பிடோ விட்டார் அந்த மனுஷன்.

கல்கண்டு · திங்கள், அதிகாலை 1.30

பார்த்து முடித்தேன். யாரும் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன், எல்லோரும் தூங்கிவிட்டீர்கள்.

முதல் குண்டு விழுந்ததும் படத்தை நிறுத்தினேன். விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து 50 வரை எண்ணிப் பார்க்கலாம் என்று. பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம், ஃப்ரிட்ஜ் சத்தம், எல்லாம் கேட்கிறது. 34ல் எழுந்து போய் விளக்கைப் போட்டுவிட்டேன்.

கீழ்த்தளம் · திங்கள், காலை 5.50

34 மோசமில்லை தம்பி.